பூக்கூடைகளுக்கு இடமில்லாத பஸ்

திருவனந்தபுரம்,
6 டிசம்பர் 1936

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்த அர்த்தராத்திரியில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். மணி பதினொன்றரை. பாப்பாவுக்கு ஒரு வாரமாக இருமல். தோளில் போட்டு நடந்து நடந்து இப்போதுதான் தொட்டிலில் கிடத்தினேன். எழுத்து கோணலாக இருந்தால் அது தூக்கத்தின் கோணல். நீங்களும் அம்மிணி மைனியும் சுகம்தானே? ஹட்டனில் இந்த மாதம் குளிர் கடுமையாக இருக்கும். கம்பளிச் சட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு காரியம் எழுத வேண்டும். போன மாதம் இங்கே கோயில்கள் எல்லா ஜாதியாருக்கும் திறந்தது பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அது முதல் கோயில் வாசலில், கிழக்கேகோட்டையில் நடக்க இடமில்லை. மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஜனங்கள் வந்து பார்க்கிறார்கள். இவ்வளவு தூரம் வந்தவர்கள் கன்னியாகுமரியையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தம்பானூர் ரயில் ஸ்டேஷனில் வந்து பஸ் கேட்கிறார்கள். உங்கள் மாப்பிள்ளை முக்கடல் மோட்டார் கம்பெனியில் ஏஜெண்டாக இருக்கிற ஆபீஸ் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருக்கிறதல்லவா? வாசலில் எப்போதும் நாற்பது பேர் நிற்கிறார்களாம்.

கம்பெனியில் மூன்று வண்டிகள் இருக்கின்றன. இன்னும் மூன்று வாங்குவதற்காகப் புதிய ஷேர் வெளியிடுகிறார்கள். ஷேர் ஒன்று ஐம்பது ரூபாய். நாற்பது ஷேர் சேர்த்துக் கொடுத்தால் உங்கள் மாப்பிள்ளையான இவர்களை மானேஜர் ஆக்குவதாக டைரக்டர் தாணுலிங்கம் பிள்ளை சொல்லியிருக்கிறார். உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னார்கள். "நீ பி.ஏ. படிச்சவளாக்கும். நான் நூறு காகிதம் எழுதினாலும் மச்சான் சிரிச்சிட்டு மடிச்சு வைப்பாரு. நீ ஒரு வரி எழுதினாப் போதும்" என்றார்கள்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நான் முடிப்பதற்காகக் காத்திருக்கிறார்கள். இந்த வீட்டிலிருந்து போகிற கடிதத்தில் இருவர் கையும் இருக்கும். வருகிற கடிதம் ஜெபம் முடிந்ததும் உரக்கப் படிக்கப்படும். வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

உங்கள் தங்கை,
சரோஜம்

மச்சானுக்கு ஸ்தோத்திரம். கும்பல் அலை மாதிரி வருகிறது. தயங்க வேண்டாம். — சுவாமிதாஸ்


ஹட்டன்,
24 டிசம்பர் 1936

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. பாப்பாவுக்கு இருமல் குறைந்ததா? துளசியும் கற்கண்டும் கொடு என்று மைனி சொல்கிறாள்; உனக்குத் தெரியாததா என்று நான் சொல்கிறேன். இங்கே இருவரும் சுகம்.

மாப்பிள்ளை உற்சாகமாக இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. என்னிடம் இரண்டாயிரம் ரூபாய் இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் இந்த இலங்கைத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பனியில் உட்கார்ந்து எழுதிச் சேர்த்தது. அதை வைத்து ஊரில் ஒரு தென்னந்தோப்பு பார்க்கலாம் என்று இருந்தேன். உன் மைனியிடம் கேட்டேன். "தென்னை நட்ட எடத்தில நிக்கும். பஸ்ஸு நிக்குமா?" என்கிறாள். அவள் பேச்சு இருக்கட்டும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். உன்னை மகளிர் கல்லூரிக்கு அனுப்பியபோது, பெண்ணுக்குப் பொருளாதாரம் எதற்கு என்று சபையில் எல்லோரும் கேட்டார்கள். இதற்குத்தான் என்று இப்போது சொல்வேன். வாங்கலாம் என்று நீ எழுதினால் வாங்குகிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். வேறு யாரிடமும் கேட்கப் போவதில்லை.

அண்ணன்,
ராஜமணி


திருவனந்தபுரம்,
10 ஜனவரி 1937

அன்புள்ள அண்ணனுக்கு,

புது வருஷம் உங்கள் இருவருக்கும் நல்ல வருஷமாக இருக்கட்டும். பாப்பாவுக்கு இருமல் போய்விட்டது. ஆனால் ராத்திரியில் சத்தமில்லாமல் தூங்கினாலும் எழுந்து மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன். இவர்கள் சிரிக்கிறார்கள்.

போன சனிக்கிழமை கம்பெனி வண்டியிலேயே மூவரும் கன்னியாகுமரி போய் வந்தோம். மத்தியானம் புறப்பட்டோம். ஒரு ஆசனம் காலியில்லை. திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம் வழி முழுக்கப் பாடிக்கொண்டு வந்தது. புது மெத்தை, ஜன்னலுக்குப் பச்சைத் திரை. சூரியன் அஸ்தமிக்கும்போது கரையில் ஆயிரம் பேராவது இருப்பார்கள். இரவு அங்கே தங்கி, மறுநாள் உதயம் பார்த்துவிட்டு அதே வண்டியில் திரும்பினோம்.

திரும்பும்போது நாகர்கோவிலில் ஒரு வேடிக்கை. தோவாளையிலிருந்து பூக்கூடைகளோடு ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். முன்பெல்லாம் நம் கம்பெனியின் விடியற்காலை நாலு மணி வண்டியில் பூவேற்றி, விடிந்ததும் திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவில் இறக்குவார்களாம். மெத்தை நனைகிறது, வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று அந்த வண்டியை நிறுத்திவிட்டார்கள். பகவதியம்மை என்று ஒருத்தி இவர்களைக் கண்டதும் விடவில்லை.

"ஏ ஏஜெண்டே, கடலப் பாக்கதுக்கு வண்டி உண்டு, சாமிக்குப் பூவு கொண்டு போவ வண்டி இல்லையோ?"

"கூடையில வெள்ளம் சொட்டுகுல்லா, அம்மா."

"வெள்ளம் தெளிக்காத பூவ நீரு ஒமக்க பெஞ்சாதிக்கு வாங்கிக் குடும். நாங்க அடுத்த கம்பெனி வண்டியில போறோம்."

வண்டியே சிரித்தது. இவர்களும் சிரித்துவிட்டார்கள்.

கூட்டத்தைக் கண்ணால் பார்த்தேன். வாங்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

தங்கை,
சரோஜம்

பார்த்தீர்களா மச்சான், பி.ஏ.யே சொல்லியாச்சு. — சுவாமிதாஸ்


திருவனந்தபுரம்,
4 பெப்ரவரி 1937

அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தின் அடியில் யாரும் எழுதப் போவதில்லை. என்னோடு படித்து இப்போது டீச்சராக இருக்கும் விஜயம் இதைத் தபாலில் போடுவாள். பதிலை அவள் விலாசத்துக்கு எழுதுங்கள். உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்காமல் தொடங்குவது இதுதான் முதல் தடவை.

அன்று எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. கண்டதை எழுதினேன். நினைத்ததை எழுதவில்லை.

கம்பெனியின் அரையாண்டு ரிப்போர்ட்டை இங்கிலீஷில் சுத்தமாக எழுதித் தரும்படி இவர்கள் போன வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எழுத்து நன்றாக இருக்கிறதே என்றுதான் கொடுத்தார்கள். படித்துப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை போலிருக்கிறது. வரும்படி கூடியிருப்பதாக முதல் பக்கத்திலேயே பெரிதாக இருக்கிறது. அது உண்மை. மூன்று வண்டி இருந்த இடத்தில், கடன் சொல்லி வாங்கின புது வண்டியோடு நாலு ஓடுகிறது. ஆனால் இரண்டாம் பக்கத்தில் வண்டிக்கு வண்டி பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் சம்பாத்தியமும் முன்னைவிடக் குறைவு.

ஏன் என்று நாலு நாள் யோசித்தேன். வருகிறவர்கள் எல்லோருக்கும் அஸ்தமனம் வேண்டும். சூரியன் நாளுக்கு ஒரு தடவைதான் அஸ்தமிக்கிறது. எல்லா வண்டியும் மத்தியானம் போய், ராத்திரி அங்கே சும்மா நின்று, காலையில் திரும்புகிறது. முன்பு இரண்டு நடை ஓடிய வண்டிக்கு இப்போது ஒரு நடை. சனிக்கிழமையும் பௌர்ணமியும் நிறைகிறது. செவ்வாய் புதனில் பாதி ஆசனம் காலி. பூக்காரிகள் கொடுத்தது சின்னக் கூலிதான், ஆனால் வருஷம் முந்நூற்றறுபத்தைந்து நாளும் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் கடல் பார்க்க யார் வருவார்கள்? சாமிக்கு ஆடியிலும் பூ வேண்டும். எங்கள் வாசலில் நிற்கிற கூட்டத்தை எல்லோரும் எண்ணுகிறார்கள். நாங்கள் வழியில் விட்டுவிட்டு வந்தவர்களை யாரும் எண்ணவில்லை.

நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். ஆனால் ஷேர் வாங்க வேண்டாம். ஆடி மாதம் வரை பொறுங்கள். இவர்கள் கெட்டவர் இல்லை. முழு மனதோடு நம்புகிறார்கள். அதனால்தான் எதிரே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியவில்லை.

சரோஜம்


திருவனந்தபுரம்,
21 பெப்ரவரி 1937

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். சுகத்தை அறிய ஆவல். நீங்கள் அனுப்பிய இரண்டாயிரம் ரூபாய் டிராப்ட் வியாழக்கிழமை கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. இவர்கள் சாலைக் கடைத்தெருவிலிருந்து அல்வா வாங்கிவந்தார்கள். அடுத்த மாதம் முதல் மானேஜர். சம்பளம் பதினைந்து ரூபாய் கூடும். ஷேர் பத்திரங்கள் உங்கள் பெயரில் ரிஜிஸ்டர் தபாலில் வரும்.

பாப்பா உட்காரப் பழகிவிட்டாள். பாதியில் சாய்கிறாள்.

என்னுடைய கடிதங்கள் எல்லாம் ஒழுங்காகக் கிடைக்கின்றனவா? சில சமயம் தபால் தாமதமாகிறது என்று கேள்வி. கிடைத்ததா என்று ஒரு வரி எழுதுங்கள்.

தங்கை,
சரோஜம்

மச்சான், உங்கள் உதவியை மறக்கமாட்டேன். சித்திரா பௌர்ணமிக்கு வாருங்கள். சூரியன் ஒரு பக்கம் இறங்க, சந்திரன் ஒரு பக்கம் ஏறுவதைப் பார்க்கலாம். முதல் ஆசனம் உங்களுக்கு. — சுவாமிதாஸ்


ஹட்டன்,
30 மார்ச் 1937
(கார்டு)

அன்புள்ள தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும்,

கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. பத்திரங்களும் வந்தன. மாப்பிள்ளை மானேஜர் ஆனதில் சந்தோஷம். இங்கே எல்லாம் வழக்கம்போல். மழை. பதில் எழுதத் தாமதமானதற்கு வேலை மிகுதியே காரணம். டிவிடெண்டு எந்த மாதம் கொடுப்பார்கள் என்று மட்டும் எழுதவும்.

ராஜமணி


ஹட்டன்,
22 ஏப்ரல் 1937

சரோஜத்துக்கு அம்மிணி எழுதுவது,

நீ சுகமா? பாப்பா சுகமா? உன் சிநேகிதி விஜயம் விலாசத்துக்கு எழுதுகிறேன். உன் அண்ணனுக்குத் தெரியாது. எனக்கு உன்னைப்போல் எழுத வராது, பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்.

உன் ரகசியக் கடிதம் பெப்ரவரி பதினொன்றாம் தேதியே வந்தது. அப்போது பணம் அனுப்பவில்லை. உன் அண்ணன் அதையும் ஜனவரிக் கடிதத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் நினைத்தேன், நல்லதாய்ப் போயிற்று, தோப்பு வாங்கலாம் என்று. "ரெண்டாவது கடிதம் நான் படிக்க வச்ச புள்ள எழுதினது. மொதல் கடிதம் சுவாமிதாசுக்க பெஞ்சாதி எழுதினது. நான் பணம் அனுப்பல்லேன்னா, அவ எழுதித்தான் நின்னுபோச்சுன்னு நாளைக்கு மாப்பிள்ளைக்குத் தெரியும். வேலையும் போவும், வீட்டுல சமாதானமும் போவும்" என்றார்கள். மறுநாளே டிராப்ட் எடுத்தார்கள். நான் தடுத்தேன். கேட்கவில்லை.

இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன். ஆனால் தோட்டம் கைமாறிவிட்டது. புதுத் துரை மார்ச் கடைசியில் பழைய கிளார்க்குமாரை நிறுத்திவிட்டார். உன் அண்ணனையும்தான். கார்டில் வேலை மிகுதி என்று எழுதினார்களே, அன்று காலையில்தான் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தார்கள். கூலிக்காரர்களின் லயத்துக்குப் பக்கத்தில் சின்ன அறையில் இருக்கிறோம். டிவிடெண்டை நம்பி இருக்கிறார்கள். வருமா?

அம்மிணி


திருவனந்தபுரம்,
5 மே 1937

அன்புள்ள மைனிக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்து மாமரத்தடியில் நின்று படித்தேன். வீட்டுக்கு வந்து அரிசி கழுவினேன், பாப்பாவைக் குளிப்பாட்டினேன். ராத்திரி ஜெபம் முடிந்ததும், வருகிற கடிதத்தை உரக்கப் படிப்பதுதானே இந்த வீட்டு வழக்கம் என்று, உங்கள் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை உரக்கப் படித்தேன்.

இவர்கள் கடிதத்தை வாங்கித் தாங்களும் ஒரு தடவை படித்தார்கள். பிறகு, "பெப்ரவரியில தனியா எழுதினியா?" என்றார்கள்.

"ஆமா."

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"எழுதிக் குடுன்னு கேட்டிய. என்ன நெனைக்கன்னு கேக்கல்ல."

சாப்பிடவில்லை. மறுநாள் விடியுமுன் எழுந்து போனார்கள். எங்கே என்று சொல்லவில்லை. நான் அடுப்பைப் பற்றவைத்து அணைத்து மறுபடி பற்றவைத்தேன். ஒன்பது மணிக்கு வந்தார்கள். சாலைக் கடைத்தெருவில் பூக்கடை வாசலில் நின்றிருந்தார்களாம். "அறுபத்திரெண்டு கூடை வந்து எறங்கிச்சு, சரோஜம். ஒண்ணுகூட நம்ம வண்டியில இல்ல" என்றார்கள். பிறகு என் ரிப்போர்ட் நகலைக் கேட்டு வாங்கி, முதல் தடவையாக இரண்டாம் பக்கத்தைப் படித்தார்கள்.

டிவிடெண்டு வருமா என்று கேட்டீர்கள். இந்த வருஷம் வராது மைனி. அண்ணனிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கொள்கிறேன். இதோடு முப்பது ரூபாய் வைத்திருக்கிறேன். மானேஜர் ஆனபின் இரண்டு மாதத்தில் கூடிய சம்பளம், இவர்களே எண்ணிக் கொடுத்தார்கள். மறுக்காதீர்கள்.

சரோஜம்


திருவனந்தபுரம்,
18 ஜூலை 1937

அன்புள்ள அண்ணனுக்கு,

மைனியைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். எல்லாம் எனக்குத் தெரியும். ஏப்ரல் கடைசியிலிருந்தே தெரியும். உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள்.

இங்கே ஒரு மாதமாக விடாத மழை. வண்டிகளின் பச்சைத் திரையில் பூஞ்சணம். நேற்று கன்னியாகுமரிக்கு ஐந்து பேர் போனார்கள். அதில் ஒருவர் டிரைவரின் மைத்துனர். ஷேர் இறங்கிக் கிடக்கிறது.

இவர்கள் டைரக்டர் தாணுலிங்கம் பிள்ளையிடம் போய், நாலு மணிப் பூ வண்டியைத் திரும்ப விடச் சொல்லிக் கேட்டார்கள். அவர், "ஓய் சுவாமிதாசு, பூவு சாயங்காலம் வாடிப்போவும். கடலு வாடுமா?" என்றாராம். "கடலு வாடாது மொதலாளி, மழையில பாக்க வாறவனுவ வாடிப்போறானுவ" என்று இவர்கள் சொல்ல, அவர் சிரித்தார். வண்டி விட ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் வேறொன்று சொன்னார். ஒன்றாம் நம்பர் வண்டி பழையது. மெத்தை போட முடியாதென்று ஷெட்டில் நிற்கிறது. உங்களுடைய நாற்பது ஷேரையும் அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால் அந்த வண்டியை உங்கள் பெயருக்கு எழுதித் தருகிறாராம். கார்த்திகை பிறந்தால் கூட்டம் வரும், ஷேர் ஏறும் என்று அவர் நம்புகிறார்.

இந்த முறை கண்டதைத் தனியாகவும் நினைப்பதைத் தனியாகவும் எழுதுகிறேன்.

கண்டது: வண்டிக்கு இன்றைய விலை ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகாது. அதாவது உங்கள் பன்னிரண்டு வருஷத்தில் ஆறு வருஷம் போயிற்று. எஞ்சின் நன்றாக இருக்கிறதென்று டிரைவர் கோலப்பன் சொல்கிறான், கூரை ஒழுகுகிறது. கூரை ஒழுகினால் பூவுக்கு நல்லதுதானே என்று பகவதியம்மை கேட்கிறாள். அவளிடம் இவர்கள் போய்ப் பேசினார்கள். தினம் உங்கள் கூடைகளை எங்களுக்குத் தருவீர்களா என்றதற்கு, "மொதல்ல வண்டி வரட்டும். பொறவு வாக்கு தாறேன்" என்றாள். அதனால் வாக்கு ஒன்றும் கையில் இல்லை.

நினைப்பது: தாணுலிங்கம் பிள்ளை சொல்வதும் முழுத் தவறு இல்லை. கூட்டம் வரும், நல்ல மாதங்களில் அவருக்கு நிறையவே வரும். ஆனால் ஆடியிலும் ஐப்பசியிலும் உங்கள் வீட்டில் உலை வைக்க வேண்டும். அதற்கு ஷேர் உதவாது, பூ வண்டி உதவும் என்று நினைக்கிறேன். நாலு மணிக்கு நாகர்கோவிலில் நின்று கூடை எண்ணி ஏற்ற நம்பிக்கையான ஒரு ஆள் வேண்டும்; நீங்களும் மைனியும் ஊருக்குத் திரும்பினால் அந்த ஆள் நீங்கள்தான். இவர்கள் மானேஜர் வேலையை விட்டுவிட்டு இங்கே சாலைக் கடைத்தெருவில் இறக்கிப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். நான் பயப்படுகிறேன். பாப்பாவுக்கு நாலு பல் வந்துவிட்டது, பால் கணக்கு ஏறுகிறது. ஆனால் போன ஜனவரியில் இந்தப் பயம் இல்லாமல் எழுதினேனே, அதைவிட இந்தப் பயம் மேல்.

பெப்ரவரியில் என் கடிதத்தைப் படித்த பிறகும் நீங்கள் பணம் அனுப்பியது எனக்காக என்று மைனி எழுதினார்கள். அதற்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனி எனக்காக வேண்டாம். நான் எழுதியதைப் படித்து, உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யுங்கள்.

இந்தக் கடிதத்தை இவர்களிடம் படிக்கக் கொடுத்தேன். அடியில் நாலு வரி எழுதுங்கள் என்றேன். படித்து முடித்து, "இது ஒனக்க கடிதம். நான் எழுதமாட்டேன்" என்று திருப்பித் தந்து, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மழை பார்க்கப் போய்விட்டார்கள்.

ஷேரை மாற்றிக் கொடுக்கும் பத்திரம் இதோடு இருக்கிறது. பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்து. வேண்டாமென்றால் கிழித்துவிடலாம். ஆகஸ்டு பதினைந்து வரைதான் அவர் பொறுப்பார். இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி என்றாலும் வேண்டாம் என்றாலும் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

தங்கை,
சரோஜம்